பதின்மூன்று பேர் தந்த பதவி

1969 ஆகஸ்டு 20. அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணனும் தம்பியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணன், காமராசருக்காக உயிரையும் கொடுப்பவர். தம்பி, கழகத்துக்காரர், மதுரைப் பஞ்சாலையில் வேலை. குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி.கிரி வென்றார் என்று சொல்லிவிட்டு ஊராட்சி மன்றத்து வானொலி ஓய்ந்திருந்தது. தம்பி பட்டாசு வெடிக்கவில்லை, பாயசம் வைக்கவில்லை. ஆனாலும் அண்ணனுக்கு அது தன் தலையில் விழுந்த அடி. அந்தத் தம்பி என் தாத்தா. அண்ணன் என் பெரிய தாத்தா. அடுத்த சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும் வரை இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

தோழர்களே! குடியரசுத் தலைவரை நீங்களும் நானும் தேர்ந்தெடுப்பதில்லை. நமக்கு அதில் வாக்குச்சீட்டு இல்லை, வாக்குச்சாவடி இல்லை, விரலில் மை இல்லை. நாம் அனுப்பிய உறுப்பினர்கள் போடும் வாக்கு அது. அப்படியிருந்தும், மலையடிவாரத்து வீடொன்றை இரண்டாக வெட்டிப் போட்டது அந்த முடிவு. யார் அந்த கிரி? தமிழரா? இல்லை. கழகத்தவரா? இல்லவே இல்லை. நம் பாட்டன் கட்சியான நீதிக்கட்சியைத் தேர்தல் களத்தில் மண்ணைக் கவ்வ வைத்தவர்! பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அமைச்சரவையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்! அவருக்குத்தான் நம்மவர்கள் வாக்களித்தார்கள். பச்சைத் தமிழர் என்று பெரியார் பாராட்டிய காமராசர் நின்ற அணிக்கு எதிராக வாக்களித்தார்கள். ஏன்? இதைப் புரிந்துகொள்ள அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் புரட்ட வேண்டும்.

வராககிரி வேங்கட கிரி பிறந்தது 1894 ஆகஸ்டு 10இல். ஊர் பெர்ஹாம்பூர். இன்று அது ஒடிசாவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்துக் கஞ்சம் மாவட்டத்து ஊர். தெலுங்கு பேசும் பார்ப்பனக் குடும்பம். தந்தை வழக்கறிஞர். மகனும் வழக்கறிஞராக வேண்டும் என்று கடல் கடந்து அனுப்பினார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இலண்டனுக்கு ஓடிய காலத்தில் இவர் 1913இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போனார்.

போன நேரம் பாருங்கள்! அந்த ஆண்டுதான் டப்ளினில் முதலாளிகள் ஒன்றுகூடி, சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை வாயிலுக்கு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் பட்டினி. குழந்தைகள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கொனாலி. சட்டம் படிக்கப் போன இளைஞர் கிரி, சட்டப் புத்தகத்தில் இல்லாத பாடத்தை அந்தத் தெருக்களில் படித்தார். தொழிலாளர் பக்கம் தன்னைத் திருப்பியவர் கொனாலிதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். 1916இல் அயர்லாந்தில் புரட்சி வெடித்தது. காயம்பட்டு நிற்க முடியாமல் கிடந்த கொனாலியை நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டுக் கொன்றது ஆங்கில அரசு. இந்திய மாணவர் கிரி மீதும் அரசுக்கு ஐயம். நாட்டை விட்டு வெளியேறு என்று உத்தரவு. கிரி ஊர் திரும்பினார்.

பெர்ஹாம்பூரில் வழக்குரைத்தார், ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார், 1922இல் கள்ளுச் சாராயக் கடைகளுக்கு முன் மறியல் செய்து சிறை சென்றார். இவையெல்லாம் அந்தக் காலத்துக் காங்கிரஸ்காரர் பலருக்கும் பொதுவான கதை. கிரியின் தனிக்கதை இரயில் தண்டவாளத்தில் தொடங்குகிறது.

1920களில் அகில இந்திய இரயில்வே தொழிலாளர் சம்மேளனம் உருவானபோது அதைக் கட்டியவர்களில் ஒருவர் கிரி. பத்தாண்டுக்கும் மேலாக அதன் பொதுச் செயலாளர். இரண்டு முறை அகில இந்திய தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர். 1927இல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர்களின் பேராளர். வங்க நாகபுரி இரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது, 1928இல் கல்லெறியாமல் தண்டவாளம் பெயர்க்காமல் வேலைநிறுத்தம் நடத்தி, நிர்வாகத்தைப் பேச்சுக்கு இழுத்து வந்து உட்கார வைத்தார். அதே 1928இல் நம் தென்னிந்திய இரயில்வேயிலும் வேலைநிறுத்தம் நடந்தது, நினைவிருக்கட்டும். அதை நடத்திய சிங்காரவேலருக்குக் கிடைத்தது சிறை. தண்டவாளம் வடக்கே ஒரு கதை சொன்னது, தெற்கே வேறொரு கதை சொன்னது.

இனி பொப்பிலிக்கு வருவோம். கழகத் தோழர்கள் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வேண்டிய இடம் இது.

1937 சட்டமன்றத் தேர்தல். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி. முதலமைச்சர் பொப்பிலி அரசர் இராமகிருஷ்ண ரங்கராவ். பொப்பிலி அவருடைய ஜமீன். மண் அவருடையது, மரம் அவருடையது, குடிகளும் தமக்கே உரியவர்கள் என்று நினைத்திருந்தார். அந்தத் தொகுதியில் அவரை எதிர்த்து, சொந்த நிலமோ அரண்மனையோ இல்லாத தொழிற்சங்கக்காரரை நிறுத்தியது காங்கிரஸ். அரசர் தோற்றார்! அவர் கோட்டையிலேயே தோற்றார்! கட்சியும் மாகாணம் முழுவதும் சரிந்தது.

நீதிக்கட்சி நமக்குத் தந்ததை நாம் மறக்கவில்லை. வகுப்புவாரி உரிமை தந்த கட்சி, கோயில் சொத்துகளுக்குச் சட்டம் போட்ட கட்சி. ஆனால் கடைசிக் காலத்தில் அது ஜமீன்தார்களின் மாளிகையில் மாட்டிக்கொண்டது என்பதையும் மறைக்க மாட்டோம். மாளிகை இடிந்ததால்தான் கட்சி வீதிக்கு வந்தது. 1938இல் சிறையில் இருந்த பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1944இல் திராவிடர் கழகம் ஆயிற்று. 1949இல் அதிலிருந்து தி.மு.க. பிறந்தது. பொப்பிலியில் கிரி தோற்றிருந்தால்? ஜமீன்தார்களின் கையிலேயே கட்சி இன்னும் சில காலம் கிடந்திருக்கும். பகைவர் சில நேரம் நமக்கே தெரியாமல் நம் வீட்டுக் குப்பையை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறார். இது என் கருத்து. மூத்த தோழர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

வென்ற கிரி, ஆச்சாரியார் அமைச்சரவையில் தொழில், தொழிலாளர் துறை அமைச்சரானார். அதே அமைச்சரவைதான் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. நடராசன் 1939 சனவரியில் மாண்டார். தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சில் மாண்டார். அந்த அமைச்சரவையில் இருந்த ஒவ்வொருவர் பேரிலும் அந்தக் கணக்கு உண்டு. கிரி பேரிலும் உண்டு. வேறு துறை என்று சொல்லி அவரை நாம் விடுவிக்க முடியாது. போர் வந்தது. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. கிரி மீண்டும் சிறை. 1942இல் உள்ளே போனவர் 1945இல்தான் வெளியே வந்தார். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் மறுபடியும் அமைச்சர்.

1947இல் இலங்கைக்கு இந்தியத் தூதராக அவரை அனுப்பினார்கள். அவர் கொழும்பில் இருந்த காலத்தில்தான், 1948இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் முதுகு வளைத்த மலையகத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். நேருவின் அரசால் அந்தச் சட்டத்தைத் தடுக்க முடியவில்லை. தூதர் பதவி 1951இல் முடிந்தது. மலையகத்தார் துன்பம் அதற்குப் பிறகும் தலைமுறைகளாக நீண்டது. இதில் கிரியை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் தொழிலாளர் தலைவரின் வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பக்கத்தை ஒட்டிவிட்டுத் திருப்பவும் கூடாது.

இப்போது தாத்தாவுக்கு மிகவும் பிடித்த பகுதி. 1952இல் கிரி நடுவண் அரசில் தொழிலாளர் அமைச்சர். தொழில் தகராறு வந்தால் அரசு தீர்ப்பாயத்துக்கு இழுத்துக்கொண்டு போகாமல், சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பேரையே அந்தக் கொள்கைக்கு வைத்துப் பேசினார்கள். அப்போது வங்கி ஊழியர் வழக்கு வந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியர்களுக்குச் சாதகமாகக் கொடுத்ததை 1954இல் அரசு குறைத்தது. கூலி கொடுக்கச் சொன்னது தீர்ப்பாயம். கொடுக்க வேண்டாம் என்றது அமைச்சரவை! நாற்காலியில் இருந்தால் தலையாட்ட வேண்டும். தலையாட்ட மனமில்லையென்றால் நாற்காலியை விட வேண்டும். கிரி நாற்காலியை விட்டார். பதவி விலகிக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு ஓர் ஆணையம் போட்டார்கள். நீதிபதி கஜேந்திரகட்கர் தந்த அறிக்கை, ஊழியர்கள் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தது. பஞ்சாலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்ற ஒருவருக்கு, தொழிலாளிக்காக ஓர் அமைச்சர் எழுந்து போனார் என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்? தாத்தா செய்தித்தாளிலிருந்து கிரியின் படத்தை வெட்டித் தம் தகரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்தார்.

ஆனால் அந்தப் படத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1957 பொதுத்தேர்தல். ஆந்திரத்துப் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதி. அன்று இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. பார்வதிபுரத்துக்கு இரண்டு இடம். ஒன்று பழங்குடியினருக்கு ஒதுக்கீடு, இன்னொன்று பொது. ஒதுக்கீட்டு இடத்தைப் பழங்குடி வேட்பாளர் ஒருவர் பெற்றார். பொது இடம் தமக்கு என்று கிரி காத்திருந்தார். வாக்கை எண்ணினால், இன்னொரு பழங்குடி வேட்பாளரான திப்பல சூரி தோரா, கிரியை முந்தி நின்றார்! இரண்டு இடமும் பழங்குடியினருக்கே போயின. பொப்பிலியில் அரசரைத் தோற்கடித்தவரை, பார்வதிபுரத்தில் மலைவாழ் மனிதர் தோற்கடித்தார்.

அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் கிரியின் புகழ் வளர்ந்திருக்கும். அவரோ வழக்குப் போட்டார். ஒதுக்கீட்டு இடத்துக்கு என்று நின்றவர் பொது இடத்தைப் பிடிக்கலாமா என்று ஒரு வாதம். சூரி தோரா சத்திரியரின் பழக்கவழக்கங்களைக் கைக்கொண்டு சத்திரியராகவே மாறிவிட்டார், ஆகவே அவர் பழங்குடியே அல்லர் என்று இன்னொரு வாதம்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1959இல் கிரி தோற்றார். ஒதுக்கீடு என்பது பழங்குடி மனிதனை அதற்குள்ளேயே பூட்டி வைக்கும் பட்டி அல்ல, வாக்கு அதிகம் வாங்கினால் பொது இடமும் அவனுடையதே என்று ஆயிற்று. சத்திரியராக மாறினார் என்ற கதையும் எடுபடவில்லை. பிறப்பால் வந்த தகுதியைப் பழக்கத்தால் மாற்றிக்கொள்ள இந்தச் சமூகம் விடுவதில்லை என்பதையே தீர்ப்பு சொன்னது. சாதியைப் பற்றி நாம் மேடையில் சொல்லிக்கொண்டிருந்ததை நீதிமன்றம் தன் மொழியில் சொல்லிவிட்டது! தீர்ப்பெழுதியவர் யார் தெரியுமா? வங்கி ஊழியருக்கு நியாயம் வழங்கிய அதே கஜேந்திரகட்கர். இரட்டை உறுப்பினர் தொகுதிகள் பிறகு ஒழிக்கப்பட்டன.

தேர்தலில் தோற்றவருக்கு ஆளுநர் மாளிகைகள் திறந்தன. உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று பத்தாண்டு மூன்று மாளிகைகள். அவர் கேரள ஆளுநராக இருந்தபோதுதான், 1965 தேர்தலில் வென்ற உறுப்பினர்கள் ஒரு நாள்கூடச் சட்டமன்றத்தில் உட்காராமலேயே அந்தச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மாநில உரிமை பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1967இல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார்.

1969 மே 3இல் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் காலமானார். கிரி தற்காலிகத் தலைவர். அடுத்தவர் யார் என்பதில்தான் காங்கிரசுக்குள் இருந்த புகைச்சல் நெருப்பாகப் பற்றியது. ஒரு பக்கம் பிரதமர் இந்திரா காந்தி. மறுபக்கம் சிண்டிகேட் என்று பேர் பெற்ற மூத்த தலைவர்கள்: காமராசர், நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல், அதுல்ய கோஷ். ஜூலையில் பெங்களூரில் கூடி அவர்கள் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினார்கள். பிரதமர் விரும்பாத வேட்பாளர். நான்கு பேர் ஓர் அறையில் முடிவு செய்தால் நாடு கைகட்டி ஏற்க வேண்டும் என்ற நினைப்பு!

ஜூலை 19இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் தற்காலிகத் தலைவர் கிரி. வங்கி ஊழியருக்காக 1954இல் பதவியை விட்டவர், 1969இல் வங்கிகளையே முதலாளிகளிடமிருந்து எடுக்கும் தாளில் பேர் எழுதினார். மறுநாள் பதவியை விட்டு விலகினார். எந்தக் கட்சியின் வேட்பாளராகவும் அல்லாமல் சுயேச்சையாக நின்றார். சுயேச்சையாக நின்று அந்தப் பதவிக்கு வந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை என்ற நிலையில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இதாயத்துல்லா அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதாக சி.டி.தேஷ்முக், சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் நிறுத்தியவர். தங்களுக்கு இரண்டாம் விருப்ப வாக்கு வேண்டும் என்று நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளின் வாயிற்படிக்குப் போனார். அதையே பிடித்துக்கொண்டு, காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டளைக்கு அல்ல, மனச்சாட்சிக்கு வாக்களிக்கட்டும் என்று இந்திரா அறிவித்தார். கட்சி வேட்பாளரைக் கட்சியின் பிரதமரே கைவிட்டார்! கிரிக்கு ஆதரவாகக் கம்யூனிஸ்டுகள் இரு சாரார், அகாலி தளம், முஸ்லிம் லீக், நம் தி.மு.க.

அண்ணா மறைந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதலமைச்சர் நாற்காலியில் கலைஞர். அந்த முடிவை எளிதாக எடுத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். காமராசர் 1967இல் விருதுநகரில் தோற்று, 1969 சனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போயிருந்தார். தமிழன் ஒருவன் டெல்லியின் பெரிய தலைவர்களில் ஒருவனாக இருக்கிறான். அவன் சொல்லும் ஆளுக்கு வாக்களிக்காமல் தமிழரே தடுப்பதா? இதுதான் பெரிய தாத்தா கேட்ட கேள்வி. மதுரைத் தெருவெல்லாம் இருந்த கேள்வி. வெறுங் கேள்வியல்ல, ஞாயமான கேள்வி. பள்ளிக்கூடம் தந்தவர், மதிய உணவு தந்தவர் கேட்க வைத்த கேள்வி.

தாத்தா சொன்ன பதில் இது. காமராசர் நின்ற வேட்பாளரைப் பார்க்காதே, அவரைச் சுற்றி நின்றவர்களைப் பார். வங்கி நாட்டுடைமையைக் கண்டு முகம் சுளித்தவர்கள் எந்தப் பக்கம்? தொழிலாளிக்காக நாற்காலி விட்டவர் எந்தப் பக்கம்? இதைச் சொல்லிவிட்டு அவர் 1937ஐயும் 1938ஐயும் பற்றி வாய் திறக்கவில்லையாம். அண்ணன்தான் திறந்தார். உன் கட்சியைக் கவிழ்த்தவனுக்கு, இந்தியைத் திணித்த அவையில் இருந்தவனுக்கு நீ வாக்குக் கேட்கிறாயே என்றார். அதோடு நின்றதுதான் பேச்சு.

ஆகஸ்டு 16இல் வாக்குப்பதிவு. 20இல் எண்ணிக்கை. களத்தில் 15 பேர், போட்டி மூவருக்குள். முதல் விருப்ப வாக்கில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. யாருக்கும் இல்லை! கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்கள் சீட்டுகளில் இரண்டாவதாக யார் பேர் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ரெட்டிக்கு 91,879 கூடியது. கிரிக்கு 18,562தான் கூடியது. தேஷ்முக்கின் சீட்டுகள் ரெட்டி பக்கம் மலை மலையாகக் குவியக் குவிய, கிரி அணியினர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். முடிவு: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. கதையைக் கதையாகவே சொல்கிறேன். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு அழகர் மலையை விட்டு இறங்குகிறார். அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வழியெல்லாம் மண்டகப்படி. வைகைக்கு வந்து சேர்ந்தால் தாலி கட்டி முடிந்துவிட்டது. கோபம் கொண்டு ஊருக்குள் போகாமலே திரும்புகிறார். சிண்டிகேட்டுக்கு நேர்ந்ததும் அதுதான். சுதந்திராவிடமும் ஜனசங்கத்திடமும் சீர் சேகரித்து, 91,879ஐச் சுமந்து ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது.

அந்த 14,650ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், தோழர்களே. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்கின் மதிப்பு அந்தத் தேர்தலில் 576. 1961 கணக்குப்படி தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்கின் மதிப்பு 144. இந்தப் பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் கூடும். ஆகவே பாதி மாறினால் போதும், 7,325க்குச் சற்று மேல். பதின்மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ரெட்டி குடியரசுத் தலைவர்! தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களில் 51 பேர் சாய்ந்திருந்தாலும் அதே கதை. 1967இல் நாம் மக்களவைக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்? 25! ஏரைப் பிடித்தவனும் தறியைப் பிடித்தவனும் கடலில் வலை வீசியவனும் போட்ட வாக்கில் போன 25 பேர். வாக்கில்லாத தேர்தல் என்றேனே, தொடக்கத்தில், அதைத் திருத்திக்கொள்கிறேன். தல்லாகுளத்துச் சாவடியில் 1967இல் குத்திய முத்திரை 1969இல் டெல்லியில் எண்ணப்பட்டது.

வென்ற பிறகும் விடவில்லை. சஞ்சீவ ரெட்டியைப் பற்றி இழிவாக எழுதிய, எழுதியவர் பேரில்லாத துண்டுத்தாள் ஒன்று தேர்தல் நேரத்தில் உறுப்பினர்களிடையே உலவியது. அதைக் காட்டி, தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. அந்தத் துண்டுத்தாள் கேவலமானது. அதை நம் பக்கத்தார் யாராவது கையில் தொட்டிருந்தால் அந்தக் கையைக் கழுவ வேண்டும். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் நீதிமன்றம் வரத் தேவையில்லை. மாளிகையிலேயே சாட்சியம் வாங்கிக்கொள்ள வழி உண்டு. கிரி போனார். நீதிபதிகள் முன் அமர்ந்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளுக்கு விடை சொன்னார். 1970இல் வழக்குத் தள்ளுபடி ஆனது. அதற்கு முன்பே, 1969 நவம்பரில், காங்கிரஸ் இரண்டாகிவிட்டது. மாநில உரிமைகளை ஆராய இராசமன்னார் குழுவைக் கலைஞர் அரசு அமைத்ததும் 1969 செப்டம்பரில்தான். கிரி பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. மாளிகைக்குள் போன கிரி, பொப்பிலிக் கிரியாக இருந்தாரா? 1970இல் மன்னர்களின் அங்கீகாரத்தைப் பறிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அது வரை சரி. ஆனால் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்திடுகிறார் என்ற பேச்சு நாளுக்கு நாள் வளர்ந்தது. ரப்பர் முத்திரை என்ற பேர் ஒட்டிக்கொண்டது. 1974 மே வந்தது. இரயில்வே தொழிலாளர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடத்தியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். எந்தச் சங்கத்தின் தலைவராக? கிரி தம் கையால் கட்டிய அதே அகில இந்திய இரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவராக! ஆயிரம் ஆயிரமாகக் கைது. வேலை நீக்கம். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். மே 8இல் தொடங்கியது 27இல் முறிந்தது. குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் 1928இல் தண்டவாளத்தில் நின்றவர்.

குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்படிதான் நடக்க வேண்டும் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். 1954இலும் அமைச்சர்கள் கூட்டுப் பொறுப்பு என்று ஒன்று இருந்தது. அன்று சட்டத்தை மீறாமலே எழுந்து போக ஒரு கதவு இருந்தது. அவர் அதைத் திறந்தார். 1974இலும் அந்தக் கதவு இருந்தது. பதவிக்காலம் முடிய மூன்றே மாதம்தான் பாக்கி. அந்த மூன்று மாதத்தை அவர் விட்டிருந்தால், மதுரை இரயில்வே காலனியில் அவர் பேரில் பிள்ளைகள் வளர்ந்திருக்கும். விடவில்லை. அவருக்கு வாக்களித்த கட்சியின் தொண்டன் என்ற உரிமையோடு இதைக் குற்றமாகவே எழுதுகிறேன்.

தாத்தாவின் நண்பர்களில் இரயில்வே காலனிக்காரர்கள் இருந்தார்கள். அந்த மே மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து ஊருக்கு வந்தவர், தகரப்பெட்டியைத் திறந்து மூடியில் இருந்த படத்தைத் தண்ணீர் தொட்டு நகத்தால் சுரண்டி எடுத்தார். தாள் வந்தது, பசை வரவில்லை. பெரிய தாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்ல அவருக்கு அன்று வேண்டிய அளவு வாய்ப்பு இருந்தது.

1974 ஆகஸ்டு 24இல் கிரி பதவி முடிந்து சென்னையில் குடியேறினார். 1975இல் பாரத ரத்னா தந்தார்கள். அதே ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. 1976 சனவரி 31இல் தமிழகத்தில் கழக ஆட்சியைக் கலைத்தார்கள்; அந்தத் தாளில் கையெழுத்து அவருடையதல்ல, அவருக்கு அடுத்து வந்த பக்ருதீன் அலி அகமதுடையது. தகரப்பெட்டி மூடியில் அந்தப் பசைத் தடம் அப்படியே இருந்தது, நானும் பார்த்திருக்கிறேன். தொழிலாளர் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள தேசிய நிறுவனத்துக்குப் பிற்காலத்தில் கிரியின் பேரை வைத்தார்கள், நொய்டாவில் இருக்கிறது.

1980 ஜூனில் சென்னையில் மாரடைப்பால் கிரி காலமானார். அரசு மரியாதையோடு இறுதி நிகழ்ச்சி. ஏழு நாள் துக்கம். அந்த நாட்களில் டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் சஞ்சீவ ரெட்டி. 1977இல், எதிர்ப்பின்றி, ஒரு வாக்கும் எண்ணாமல் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.